பிரிசைஸ் வேறு, அக்யூரேட் வேறு

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனிக்கு ஒரு மெயில் வந்தது. எண்ணூர் ஹைரோடு பக்கம் வண்டி உதிரி பாகம் செய்கிற சின்ன யூனிட், நான் அங்கே குவாலிட்டியில் இருக்கிறேன். 25 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்ட், அதாவது உருண்டைத் தண்டு, ஒரு லாட் அனுப்பியிருந்தோம், கூடவே எங்கள் அளவு ரிப்போர்ட்டும். கஸ்டமரிடமிருந்து வந்த பதில் ஒரே வரி: யுவர் ரீடிங்ஸ் ஆர் பிரிசைஸ், பட் நாட் அக்யூரேட். ஷிஃப்ட் இன்சார்ஜ் அண்ணன் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார், நானும் படித்தேன், இரண்டு பேருக்கும் புரியவில்லை. அகராதியைப் பார்த்தால் இரண்டு வார்த்தைக்கும் ‘துல்லியமான’ என்றுதான் போட்டிருந்தது. துல்லியமாக இருக்கிறது, ஆனால் துல்லியமாக இல்லை என்றால் யாருக்குத்தான் புரியும்? ஏதோ தப்பாக டைப் அடித்துவிட்டார்கள் என்று நினைத்து, விளக்கம் கேட்டு ஒரு மெயில் போட்டுவிட்டு, மெஷினை நிறுத்தாமல் ஓட்டினோம். இரண்டு ஷிஃப்ட் ஓடியது. அந்த இரண்டு ஷிஃப்ட் சரக்கும் முதலில் அனுப்பிய லாட்டும் சேர்ந்து ஸ்கிராப்புக்குப் போனது.

அதற்கு அப்புறம்தான் பிரிசைஸ் என்ற இந்த வார்த்தையை உட்கார்ந்து படித்தேன். இப்போது புதிதாக வேலைக்கு வருகிற ஐ.டி.ஐ. பையன்களுக்கு முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். மெயில் எழுதுகிறவர்களுக்கும், இன்டர்வியூ போகிறவர்களுக்கும், ரிப்போர்ட் படிக்கிறவர்களுக்கும் உதவும் என்று அதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஷாஃப்ட் கதையை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அர்த்தம் மொத்தமும் அதற்குள்தான் இருக்கிறது. எங்கள் வெர்னியர், அதாவது இரண்டு தாடைக்கு நடுவில் சாமானை வைத்து அளக்கிற கருவி, எப்போதோ கீழே விழுந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை. தாடை இரண்டையும் மூடினால் 0 காட்ட வேண்டிய இடத்தில் 0.06 காட்டியது. அதாவது எதை அளந்தாலும் உண்மையைவிட 0.06 மி.மீ. கூடுதலாகச் சொல்லும். நாங்கள் ஒவ்வொரு ஷாஃப்டையும் மூன்று தடவை அளந்தோம், மூன்று தடவையும் 25.00, அடுத்ததும் 25.00. எங்களுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் உண்மையான அளவு 24.94. டிராயிங்கில் கொடுத்திருந்த டாலரன்ஸ் 0.05 முன்னே பின்னே, ஆகவே 24.95-க்குக் கீழே போனால் ரிஜெக்ட். துளை சின்னதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் குடைந்து சரிசெய்யலாம், ஷாஃப்ட் குறைந்துபோனால் அதில் இரும்பை ஒட்டவா முடியும்?

இப்போது அந்த வரியை மறுபடி படித்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப அளந்தாலும் அதே எண், அதுவும் இரண்டு தசமம் வரை பிசிறில்லாமல் வருகிறது, ஆகவே பிரிசைஸ். ஆனால் வருகிற எண் உண்மைக்குப் பக்கத்தில் இல்லை, ஆகவே நாட் அக்யூரேட். கஸ்டமர் ஒரே வரியில் எங்கள் வெர்னியருக்கு என்ன கோளாறு என்றே சொல்லியிருக்கிறார். அளக்கிற ஆள் சரியாகத்தான் அளக்கிறார், அளக்கிற சாமான்தான் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்பதுதான் அந்த வரியின் பொருள். புரிந்திருந்தால் அன்றைக்கே வெர்னியரை மூடி ஜீரோ பார்த்திருப்போம், ஸ்லிப் கேஜ் (அளவு உறுதிசெய்த கட்டை) வைத்துச் சரிபார்த்திருப்போம், ஐந்து நிமிட வேலை.

ஆக, பிரிசைஸ் என்ற வார்த்தை கேட்கிற கேள்வி ‘எவ்வளவு நுணுக்கமாக?’ அக்யூரேட் கேட்கிற கேள்வி ‘சரியா, தப்பா?’ இரண்டும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்கு ஆமாம் என்றும் இன்னொன்றுக்கு இல்லை என்றும் பதில் வரலாம்.

மெஷின் பக்கமே வராதவர்களுக்கு இதை கேரம் வைத்துச் சொன்னால் உடனே பிடிபடும், நம் ஏரியாவில் கேரம் தெரியாதவர் யார். சந்துக்கு ஒரு போர்டு, மேலே ஒரு பல்பு, பக்கத்தில் போரிக் பவுடர் டப்பா. 1991-லும் 1995-லும் உலக சாம்பியனான மரிய இருதயம் நம் சென்னைக்காரர், 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா நம் வடசென்னைப் பெண். சரி, போர்டுக்கு வருவோம். குழியின் விட்டம் 4.45 செ.மீ., காயின் விட்டம் அதிகபட்சம் 3.18. அப்படியென்றால் குழிக்குள் போக ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடம் இருக்கிறது. ஒரு பையன் ஐந்து தடவை அடிக்கிறான், ஐந்து தடவையும் காய் குழிக்கு வலது பக்கம் அதே இடத்தில், ஒரு தடவைகூட மாறாமல், இடித்துத் திரும்புகிறது. அவன் கை பிரிசைஸ், அடி அக்யூரேட் இல்லை. இன்னொருவன் அடிப்பது ஒரு தடவை இடது ஓரம், ஒரு தடவை நடு, ஒரு தடவை வலது ஓரம், ஆனால் எல்லாமே குழிக்குள் விழுகிறது. குழியைத் தவறவிடவில்லை என்பதால் அவன் அக்யூரேட், ஆனால் ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு பக்கம் போவதால் பிரிசைஸ் என்று சொல்ல முடியாது.

இதில் யாரைத் திருத்துவது சுலபம் என்று கேட்டால் நான் முதல் பையனைத்தான் சொல்வேன். அவனுக்கு ‘கொஞ்சம் இடது பக்கம் பிடி’ என்று ஒரே வார்த்தை போதும், ஐந்தும் விழும். கை நிலைப்படாதவனுக்கு என்ன சொல்லித் திருத்துவது? எங்கள் வெர்னியரும் முதல் பையன் மாதிரிதான், 0.06 கழித்துவிட்டால் வேலை முடிந்தது. ஆகவே ‘பிரிசைஸ் பட் நாட் அக்யூரேட்’ என்று யாராவது எழுதினால் அதை வெறும் குறையாக மட்டும் படிக்காதீர்கள், சரிசெய்ய வழி இருக்கிறது என்ற நல்ல செய்தியும் அதற்குள் இருக்கிறது.

இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பிறகு மறக்கவே மறக்காது. லத்தீனில் ‘ப்ரே’ என்றால் முன்பு, ‘கேடெரே’ என்றால் வெட்டுவது. முனையில் வேண்டாததை வெட்டிக் கழித்தது, அதுதான் பிரிசைஸ். சுருக்கம் என்கிற கான்சைஸ், ஆபரேஷனில் கீறுகிற இன்சிஷன், முடிவெடுக்கிற டிசைட், எல்லாம் இதே வெட்டுக் குடும்பம்தான், நம் முன்பல்லுக்கு இன்சைசர் என்று பெயர் வைத்ததும் அது வெட்டுகிற பல் என்பதால்தான். அக்யூரேட் வேறு வீட்டுப் பிள்ளை. அது ‘குரா’ என்ற சொல்லிலிருந்து வந்தது, அக்கறை என்று அர்த்தம். அக்கறை எடுத்துச் செய்தால் தப்பு வராது, ஆகவே சரியானது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, தமிழிலும் இதே மாதிரிதான் யோசித்திருக்கிறோம் என்பது. சுருக்கமாக, வேண்டாதது இல்லாமல் பேசினால் ‘நறுக்குத் தெறித்தாற்போல் பேசினார்’ என்கிறோம். வழவழ என்று இழுக்காமல் முடிவைச் சொன்னால் ‘வெட்டு ஒன்று துண்டு ரெண்டு’. நறுக்கு, வெட்டு, துண்டு, எல்லாமே கத்தி வேலை. பிரிசைஸ் என்ற வார்த்தைக்குத் தமிழில் எதைப் போடுவது என்று தடுமாறினால், அங்கே ‘நறுக்கென்று’ பொருந்துகிறதா என்று வைத்துப் பாருங்கள். பேச்சையும் எழுத்தையும் பற்றிச் சொல்லும்போது பெரும்பாலும் பொருந்திவிடும். அளவு விஷயத்தில் ‘இம்மி பிசகாமல்’ சரியாக இருக்கும். இம்மி என்பது சும்மா சொல்கிற வார்த்தை கிடையாது, பழைய தமிழ்க் கணக்கில் நிஜமான ஒரு பின்னம். முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு, இம்மி என்றால் 21,50,400-ல் ஒரு பங்கு. அவ்வளவு சின்ன அளவுக்கும் பெயர் வைத்திருந்தவர்கள், இன்றைக்கு எல்லாவற்றுக்கும் ‘துல்லியம்’ என்ற ஒரே வார்த்தையைப் போட்டு ஒப்பேற்றுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நீங்கள் மொழிபெயர்க்கிறவராக இருந்தால், அக்யூரேட் வருகிற இடத்தில் ‘சரியான’, ‘பிழையில்லாத’ என்று போடுங்கள், பிரிசைஸ் வருகிற இடத்துக்குத் ‘துல்லியமான’, ‘நுணுக்கமான’ என்பவற்றை ஒதுக்கி வையுங்கள். அப்படிச் செய்திருந்தால் எங்கள் இன்சார்ஜ் அண்ணனுக்கு அந்த மெயில் ஒரு நொடியில் புரிந்திருக்கும்.

இன்னொரு சுலபமான வழி, எதிர்ச்சொல்லைப் பார்ப்பது. அக்யூரேட்டுக்கு எதிர் ‘தப்பு’. பிரிசைஸுக்கு எதிர் ‘தோராயம்’. உங்கள் ஃபோனே இதைச் சொல்லும். ஆண்ட்ராய்டு 12 வந்ததிலிருந்து, ஏதாவது ஆப் லொகேஷன் கேட்டால் திரையில் இரண்டு வட்டம் வரும், ஒன்றில் பிரிசைஸ், இன்னொன்றில் அப்ராக்ஸிமேட். ஐஃபோனிலும் பிரிசைஸ் லொகேஷன் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. தோராயம் என்று வைத்தால் நீங்கள் ராயபுரம் பக்கம் எங்கேயோ இருக்கிறீர்கள் என்று மட்டும் அந்த ஆப்புக்குத் தெரியும். பிரிசைஸ் என்று வைத்தால் உங்கள் தெரு, உங்கள் வாசல் வரை. ஆனால் வாசல் வரை காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு புள்ளியைப் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய் வைக்கிற அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு, குறுகலான சந்தும் ஒட்டி ஒட்டிக் கட்டிய மாடி வீடுகளும் உள்ள இடத்தில் சிக்னல் சுவரில் பட்டுப் பட்டு வருவதால் அப்படி நடக்கும். அப்போது டெலிவரி பையன் ஃபோன் செய்து ‘அண்ணா, மேப் இங்கதான் காட்டுது’ என்பான். மேப் பிரிசைஸாகக் காட்டியது, அக்யூரேட்டாகக் காட்டவில்லை.

அடுத்து எக்ஸாக்ட். இதை பிரிசைஸுக்குப் பதிலாகப் பல இடத்தில் போடலாம், ஆங்கிலேயர்களே போடுகிறார்கள், அதனால் இதற்காக ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். பிரிசைஸில் படிகள் உண்டு, இன்னும் பிரிசைஸாக, அதைவிட பிரிசைஸாக என்று போய்க்கொண்டே இருக்கலாம். எக்ஸாக்ட் என்றால் அதற்கு மேல் போக ஒன்றுமில்லை, முன்னே பின்னே என்ற பேச்சே கிடையாது. ஒரு இன்ச் என்பது எக்ஸாக்ட்டாக 25.4 மி.மீ., 1959-ல் பல நாடுகள் சேர்ந்து அப்படி வரையறுத்துக்கொண்டார்கள், அளந்து கண்டுபிடித்த எண் இல்லை. நம் பிராட்கேஜ் தண்டவாளத்தின் அகலம் 5 அடி 6 இன்ச், அதாவது 66 இன்ச். 25.4-ஆல் பெருக்கினால் எக்ஸாக்ட்டாக 1676.4 மி.மீ. வரும். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் 1676 என்பார்கள். தப்பில்லை, அக்யூரேட்தான், மில்லிமீட்டர் வரைக்கும் பிரிசைஸ். அந்த .4 வரை சொன்னால் இன்னும் ஒரு படி பிரிசைஸ். எண்ணிப் பார்க்கிற விஷயமும் எக்ஸாக்ட்தான்: ஒரு செட் கேரம் காய் 19, அதில் தோராயமும் இல்லை, தசமமும் இல்லை. ஆனால் கையால் அளந்த எதையும் ரிப்போர்ட்டில் எக்ஸாக்ட் என்று எழுதாதீர்கள், அளவு என்று வந்துவிட்டால் எங்கோ ஒரு சின்ன மிச்சம் இருந்தே தீரும்.

எவ்வளவு நுணுக்கம் போதும் என்பது தொழிலுக்குத் தொழில் மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தச்சர் ‘ஒரு நூல் குறைச்சுக்கோ’ என்பார். இன்ச்சுக்கு 8 நூல், ஆக ஒரு நூல் 3.175 மி.மீ. கதவுக்கு அது போதுமான பிரிசிஷன், அந்த ஒரு நூலில் கதவு இடிப்பதும் இடிக்காததும் முடிவாகிவிடும். அதே ஒரு நூலை நான் லேத்தில் (கடைசல் மெஷினில்) விட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், எங்களுக்கு வெர்னியர் காட்டுகிற 0.02 மி.மீ., அதைவிட நுணுக்கமாக அளக்கிற மைக்ரோமீட்டர் காட்டுகிற 0.01 மி.மீ. வரை வேண்டும். அதனால் தச்சர் பிரிசைஸ் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேலைக்குத் தேவையான இடத்தில் வெட்டி நிறுத்துவதுதான் அந்த வார்த்தை.

ஸ்பெசிஃபிக் என்ற வார்த்தையோடும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மேனேஜர் ‘பி ஸ்பெசிஃபிக்’ என்றால் ‘எது என்று சொல்’ என்று அர்த்தம்: எந்த மெஷின், எந்த லாட், எந்த ஆள். ‘பி பிரிசைஸ்’ என்றால் ‘எவ்வளவு என்று தீட்டிச் சொல்’. ‘ஒரு மெஷினில் பிரச்சினை சார்’ என்றால் ஸ்பெசிஃபிக் இல்லை. ‘மூணாம் நம்பர் லேத்தில் கொஞ்சம் அளவு கூடுது சார்’ என்றால் ஸ்பெசிஃபிக், ஆனால் பிரிசைஸ் இல்லை. ‘மூணாம் நம்பர் லேத்தில் 0.04 கூடுது சார்’ என்றால் இரண்டும். இந்தக் கடைசி வாக்கியம் மாதிரி பேசப் பழகினால் எந்த மேனேஜரும் உங்களைத் திரும்பக் கேள்வி கேட்க மாட்டார்.

இன்டர்வியூவில் அதிகம் அடிபடுவது ‘டு பி பிரிசைஸ்’ என்ற தொடர். அழகான தொடர், ஆனால் நம் ஆட்கள் இதை ‘ஆக்சுவலி’ மாதிரி எங்கே வேண்டுமானாலும் செருகிவிடுகிறார்கள். இதற்கு ஒரே ஒரு வேலைதான்: முதலில் தோராயமாக ஒன்றைச் சொல்லிவிட்டு, அதைத் தீட்டிச் சொல்லும்போது போடுவது. ‘ஐ ஹேவ் த்ரீ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ், த்ரீ இயர்ஸ் அண்ட் டூ மன்த்ஸ், டு பி பிரிசைஸ்.’ இப்படி வந்தால் சரி. ‘டு பி பிரிசைஸ், அரௌண்ட் ட்வென்டி பீப்பிள்’ என்று சொன்னால் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் ஒன்றோடு ஒன்று மோதுகிறது, தோராயத்தைச் சொல்ல நறுக்கு எதற்கு? ‘டு பி பிரிசைஸ், ஐ லைக் திஸ் ஜாப்’ என்பதும் தப்பு, அங்கே உங்களுக்கு வேண்டியது ‘டு பி ஆனஸ்ட்’.

தனியாக ‘பிரிசைஸ்லி!’ என்று மட்டும் சொன்னால் ‘அதேதான், நானும் அதைத்தான் சொல்கிறேன்’ என்று அர்த்தம். எதிரில் இருப்பவர் உங்கள் மனதில் இருப்பதைப் பிடித்துவிட்டார் என்றால் சொல்லலாம். நேரம் தவறாமல் வருகிற ஆளை ‘ஹி இஸ் எ பிரிசைஸ் பர்சன்’ என்று சொல்லாதீர்கள், அது பங்ச்சுவல். மணியைச் சொல்லும்போது நாம் ‘ஷார்ப் சிக்ஸ் ஓ கிளாக்’ என்று முன்னால் போடுகிறோம், ஷார்ப் கடைசியில்தான் வர வேண்டும். டாண் என்று ஆறு மணிக்கு என்று தமிழில் முன்னால் வருவதால் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

உச்சரிப்பு. பிரி-சைஸ், அழுத்தம் பின்னால் உள்ள ‘சைஸ்’ மேல் விழ வேண்டும், கடைசி எழுத்து பஸ்ஸில் வருகிற ஸ் மாதிரி காற்றாக முடிய வேண்டும், தேனீ ரீங்காரம் மாதிரி இழுக்கக் கூடாது. சட்டை சைஸ் கேட்கும்போது கடைசியில் அந்த ரீங்காரம் வரும், இங்கே வராது. பெயர்ச்சொல்லான பிரிசிஷனில் நடுவில் வரும் ஒலி வேறு, டெலிவிஷன், மெஷர் என்ற வார்த்தைகளில் வருகிற அதே ஒலி. சில அகராதிகளில் அந்த ஒலியை இஸட், ஹெச் என்ற இரண்டு எழுத்தால் குறிப்பார்கள், ‘தமிழ்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது நாமும் அதே இரண்டு எழுத்தைப் போடுவதால், எங்கள் பையன் ஒருவன் அதை ழ என்று படித்து ‘பிரிசிழன்’ என்றான். பாவம், அவன் மேல் தப்பே இல்லை, எழுத்து அப்படி. அது ழ இல்லை, நாக்கை மடிக்கவே கூடாது.

இன்னொன்று, யு.பி.எஸ்.சி. மெயின்ஸ் ஆங்கிலத் தாளில் ஒரு பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதச் சொல்வார்கள். அது ‘ப்ரேசி’, பிரெஞ்சிலிருந்து அப்படியே எடுத்த வார்த்தை, கடைசி எழுத்து வாயில் வராது. ‘பிரிசைஸ் ரைட்டிங்’ என்று பல ஊரில் சொல்லிக்கொடுக்கிறார்கள், மாற்றிக்கொள்ளுங்கள். அதுவும் வெட்டுக் குடும்பம்தான்.

கடைசியாக, எண் எழுதுவது. ஒரு எண்ணுக்குப் பின்னால் எத்தனை தசமம் போடுகிறீர்களோ அத்தனை பிரிசிஷனை நீங்கள் வாக்குக் கொடுக்கிறீர்கள். மைக்ரோமீட்டரில் பார்த்து 25.40 வந்தால் அந்தப் பூஜ்யத்தை விட்டுவிடாதீர்கள், 0.01 வரை பார்த்தேன் என்று அந்தப் பூஜ்யம்தான் சொல்கிறது. ஸ்டீல் ஸ்கேலில் கண்ணால் பார்த்துவிட்டு 25.40 என்று எழுதினால் அது பொய். கால்குலேட்டர் 8.3333333 என்று காட்டுகிறது என்பதற்காக அத்தனையையும் ரிப்போர்ட்டில் ஏற்றாதீர்கள். அதோடு, தசமம் நீளமாக இருந்தால் எண் சரியாகத்தான் இருக்கும் என்றும் நம்பாதீர்கள். பை என்பதற்கு ஒருவர் 3.14 என்கிறார், இன்னொருவர் 3.15926 என்கிறார். இரண்டாவது பார்க்க கம்பீரமாக இருக்கிறது, ஆனால் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பது முதலாவது.

எங்கள் ரிப்போர்ட்டில் இப்போது ஒரு கட்டம் கூடுதலாக இருக்கிறது. அளவு எடுப்பதற்கு முன்னால் தாடையை மூடி, வருகிற எண்ணை அதில் எழுத வேண்டும். 0.00 என்றால் மட்டுமே அடுத்த வரிக்குப் போகலாம்.